கயானா: நாற்பது ஆண்டுகளாக ஏறாத மக்கள்தொகை. காரணம் என்ன?

வரைபடப்பித்தன் (இழையைத் தொடங்கியவர்)

நண்பர்களே, தென் அமெரிக்க நாடுகளின் மக்கள்தொகைக் கணக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கயானாவில் வந்து நின்றுவிட்டேன். அடுத்த நாட்டுக்கு நகர மனம் வரவில்லை. எண்களைப் பாருங்கள்.

1946: 3,75,701
1960: 5,60,330
1970: ஏறத்தாழ 7 லட்சம்
1980: 7,59,567
1991: 7,23,673
2002: 7,51,223
2012: 7,46,955

முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதன் பிறகு அசைவே இல்லை. 1980இல் இருந்ததைவிட 2012இல் குறைவு. 1970க்கும் 2010க்கும் இடையில் பக்கத்து நாடான பிரேசில் 9 கோடியிலிருந்து 19 கோடிக்குப் போய்விட்டது. கயானாவில் உள்நாட்டுப் போர் நடக்கவில்லை, பெரும் பஞ்சம் வரவில்லை, கொள்ளை நோயும் இல்லை. நிலமா இல்லை? 2,15,000 சதுர கிலோமீட்டர் பரப்பு இருக்கிறது. சதுர கிலோமீட்டருக்கு மூன்றரைப் பேர்தான் வசிக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. இந்திய வம்சாவளியினர் 1980இல் 51.9 விழுக்காடு. 1991இல் 48.6. 2012இல் 39.8 ஆகிவிட்டார்கள். பாதிக்கு மேல் இருந்த ஒரு சமூகம் ஒரே தலைமுறையில் ஐந்தில் இரண்டு பங்காகச் சுருங்குவது சாதாரண மாற்றமில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

பழைய ஏடு

நல்ல கேள்வி. ஏன் நின்றது என்று பார்ப்பதற்கு முன் ஏன் அப்படி ஏறியது என்று பார்த்துவிடுவோம். அது தெரியாமல் பின்பாதி விளங்காது.

1945 வரை கயானாவின் கடற்கரை மலேரியாக் காடு. கரும்புத் தோட்டங்களும் நெல்வயல்களும் நீர்நிரம்பிக் கிடக்கும் தாழ்நிலம் அது. பிறக்கும் குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் காய்ச்சலில் மடிவது வாடிக்கை. ஜார்ஜ் ஜிக்லியோலி என்ற இத்தாலிய மருத்துவர் அங்கேயே தங்கி, நோயைப் பரப்பும் கொசு எது, அது எங்கே வளர்கிறது, எப்போது வீட்டுக்குள் வருகிறது என்று ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில் டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி கைக்கு வந்ததும் வீடு வீடாகச் சுவர்களில் அடித்தார்கள். சில ஆண்டுகளிலேயே கடற்கரையில் மலேரியா ஏறக்குறைய ஒழிந்துபோனது.

அதிகம் பயனடைந்தவர்கள் தோட்டங்களிலும் வயல்களிலும் இருந்த இந்தியக் குடும்பங்கள். பிறப்பு பழையபடியே இருந்தது, இறப்பு சரிந்தது. 1946இல் 43.5 விழுக்காடாக இருந்த இந்திய வம்சாவளியினர் 1970இல் 51.8 விழுக்காடு ஆனார்கள். மற்றபடி அந்த ஏற்றத்துக்குப் புதிய குடியேற்றம் காரணமில்லை. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வருவது 1917இலேயே நின்றுவிட்டது.

இந்த ஏற்றம் நடந்த நேரத்தைக் கவனியுங்கள். நாடு பிரிட்டனிடமிருந்து விடுதலையை நோக்கிப் போய்க்கொண்டிருந்த காலம் அது. யார் பெரும்பான்மை என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டுத் தொட்டிலிலும் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1950இல் செட்டி ஜகனும் ஃபோர்ப்ஸ் பர்னமும் சேர்ந்து தொடங்கிய கட்சி 1955இல் இரண்டாக உடைந்தது. ஜகன் பின்னால் இந்திய வம்சாவளியினர், பர்னம் பின்னால் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 1962 முதல் 1964 வரை கலவரம், தீவைப்பு, கொலை. இரு தரப்பும் கலந்து வாழ்ந்த ஊர்கள் பிரிந்து போயின. 1966 மே 26இல் விடுதலை வந்தபோது மக்கள் ஒருவரை ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

---

இளங்கோ ம.

ஐயா எழுதியது அருமை. ஆனால் தேக்கத்துக்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பர்னம் ஆட்சிதான் காரணம்.

1968, 1973, 1980, பிறகு அவர் கட்சியே நடத்திய 1985 தேர்தல் வரை எல்லாம் மோசடி. 1971இல் பாக்சைட் (அலுமினியத் தாது), 1976இல் சர்க்கரை என்று எல்லாவற்றையும் அரசுடைமையாக்கி நட்டத்தில் தள்ளினார்கள். அந்நியச் செலாவணி தீர்ந்ததும் 1980களின் தொடக்கத்தில் கோதுமை மாவு இறக்குமதிக்கே தடை. ரொட்டி சுடுவது அங்கே கள்ளச்சந்தைக் காரியம் ஆனது. ரொட்டியும் பருப்பும் அன்றாட உணவாக இருந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்களுக்கு அது வெறும் பொருளாதார நடவடிக்கையாகத் தெரியவில்லை. சுரினாமிலிருந்து கோரன்டைன் ஆற்றைக் கடந்து மாவைக் கடத்தினார்கள். 1980 ஜூன் 13இல் வால்டர் ராட்னி குண்டுவைத்துக் கொல்லப்பட்டார். இன வேறுபாடு பார்க்காமல் மக்களைத் திரட்டிய ஒரே தலைவர் அவர். அதற்குப் பிறகு அந்த நாட்டில் யார் இருப்பார்கள்?

1980க்கும் 1991க்கும் இடையில் 36,000 பேர் குறைந்திருக்கிறார்கள். பிறப்பு இறப்பைவிட அதிகம் என்பதையும் சேர்த்தால் வெளியேறியவர்கள் அதைப்போல் பல மடங்கு. ஆட்சி துரத்தியது, மக்கள் ஓடினார்கள். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

---

செல்வநாயகி

தம்பி இளங்கோ, விவாதிக்க நிறையவே இருக்கிறது. நான் டொராண்டோவில், ஸ்கார்பரோவில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். என்னோடு வேலை செய்பவர்களில் கயானாக்காரர்கள் ஏராளம். எங்களைப் போலவே ஊரை விட்டு வந்தவர்கள் என்பதால் பேச்சு அங்கேதான் போகும்.

1992 அக்டோபரில் நேர்மையான தேர்தல் நடந்து ஜகன் ஜனாதிபதியானார். அதன் பிறகு 23 ஆண்டுகள் அவருடைய கட்சிதான் ஆட்சி. நீங்கள் சொல்வது முழுக் காரணமானால் அதோடு வெளியேற்றம் நின்றிருக்க வேண்டும் அல்லவா? 2002க்கும் 2012க்கும் இடையில் மக்கள்தொகை மறுபடியும் குறைந்திருக்கிறதே. அதிலும் ஜகன் கட்சியின் கோட்டையான கிழக்கு பெர்பீஸ்–கோரன்டைனில்தான், அதாவது ஆறாம் வட்டாரத்தில்தான் பெரிய சரிவு. 1,23,695 பேர் இருந்த இடத்தில் 1,09,652 பேர். தங்கள் கட்சி ஆளும்போதே பத்தில் ஒருவருக்கு மேல் குறைந்திருக்கிறார்கள்.

கதவு எங்கே திறந்தது என்பதையும் பாருங்கள். 1962இல் பிரிட்டன் கதவைச் சாத்தத் தொடங்கியது. 1965இல் அமெரிக்கா தன் குடிவரவுச் சட்டத்தை மாற்றியது. 1967இல் கனடா, படிப்பு, மொழி, வேலைத்திறன் ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு ஆளெடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. இங்கிலீஷ் பேசும், படித்த, சிறிய நாட்டு மக்களுக்கு இந்த இரண்டு கதவுகளும் நன்றாகப் பொருந்தின. என்னோடு வேலை செய்யும் ஒரு அம்மாவின் குடும்பக் கதை இதற்கு நல்ல உதாரணம். முதலில் செவிலியர் வேலைக்கு மூத்த அக்கா வந்தார். அவர் அம்மாவை அழைத்தார். அம்மா திருமணமாகாத பிள்ளைகளை அழைத்தார். அவர்கள் போய்க் கலியாணம் செய்துகொண்டு துணையை அழைத்துவந்தார்கள். அந்தத் துணைகளுக்கும் பெற்றோர் உண்டு. கோதுமை மாவுத் தடை நீங்கி எத்தனையோ ஆண்டுகள் ஆன பிறகும் அந்தச் சங்கிலி அறுபடவில்லை. ஆட்சி மாறினால் நிற்கிற காரியம் இல்லை இது.

---

இளங்கோ ம.

அக்கா, சங்கிலி என்பதை ஏற்கிறேன். ஆனால் முதல் கண்ணியைக் கோத்தது யார்? நல்ல ஆட்சி இருந்திருந்தால் அந்த மூத்த அக்கா கிளம்பியிருப்பாரா? டிரினிடாடுக்கும் அமெரிக்கக் கதவு திறந்துதான் இருந்தது. அங்கே மக்கள்தொகை இப்படிச் சரியவில்லையே.

---

செல்வநாயகி

டிரினிடாடில் எண்ணெய் இருந்தது. ஆனாலும் படித்தவர்கள் அங்கிருந்தும் போனார்கள். 2006இல் சர்வதேச நாணய நிதியத்தில் கரீபிய நாடுகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளிவந்தது. கல்லூரிப் படிப்பு முடித்தவர்களில் வளர்ந்த நாடுகளுக்குக் குடிபெயர்ந்தவர்கள் டிரினிடாடில் 79 விழுக்காடு, ஜமைக்காவில் 85, கயானாவில் 89. பத்துப் பட்டதாரிகளில் ஒன்பது பேர்! இந்த எண்ணைப் படித்த பிறகு எனக்கு மற்ற எண்கள் எல்லாம் சிறியதாகத் தெரிகின்றன. ஒரு நாடு தன் செலவில் ஆசிரியரையும் செவிலியரையும் உருவாக்கி, முழுவதுமாக இன்னொரு நாட்டுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறது. பெற்றுக்கொண்ட நாடுகளில் ஒன்றில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். எங்கள் முதியோர் இல்லத்தில் இரவுப்பணி நடப்பதே அவர்களால்தான்.

இந்திய வம்சாவளியினர் மட்டும் போனார்கள் என்றும் நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் ரிச்மண்ட் ஹில் பகுதியில் ஹோலி ஊர்வலம் நடப்பதால் அவர்கள் கண்ணில் படுகிறார்கள். புரூக்ளினில் கருப்பினக் கயானாக்காரர்கள் அதற்குக் குறையாமல் இருக்கிறார்கள். கயானாவில் பிறந்தவர்கள் அமெரிக்காவில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கு மேல். உலகெங்கும் கணக்கிட்டால் கயானாவில் பிறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வெளியேதான் வாழ்கிறார்கள்.

---

வரைபடப்பித்தன்

இரு தரப்பும் போனார்கள் என்றால் விகிதம் ஏன் இப்படி மாறியது? நானே எண்களை எடுத்து ஒப்பிட்டேன். 1980 முதல் 2012 வரை இந்திய வம்சாவளியினர் 3,94,417இலிருந்து 2,97,493 ஆகிவிட்டார்கள். ஏறத்தாழ 97,000 பேர் குறைவு. ஆப்பிரிக்க வம்சாவளியினர் 2,34,094இலிருந்து 2,18,483. அவர்களில் 16,000 பேர்தான் குறைவு. இன்னொரு பக்கம் கலப்பு என்று பதிவானவர்கள் 84,764இலிருந்து 1,48,532. பூர்வகுடிகள் 40,343இலிருந்து 78,492.

---

பழைய ஏடு

ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கின்றன.

1960களில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகள் இருந்த நாடு அது. 2010களில் இரண்டரையைச் சுற்றி வந்துவிட்டது. இந்திய வம்சாவளிக் குடும்பங்களில் இந்தச் சரிவு முன்கூட்டியே, வேகமாக நடந்தது. குடிபெயர்பவர்கள் பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதினர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் போனால் அவருக்குப் பிறக்க வேண்டியவர்களும் போய்விடுகிறார்கள். 97,000 என்பதில் அவர்களும் அடக்கம்.

அடுத்தது, "கலப்பு" என்ற பெட்டி. ஆப்பிரிக்க வம்சாவளித் தந்தைக்கும் இந்திய வம்சாவளித் தாய்க்கும் பிறந்தவர் எந்த வரிசையில் வருவார்? கணக்கெடுப்பில் அவரவர் சொல்வதுதான் பதிவாகிறது. பாட்டன் காலத்தில் ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்து பதிந்திருப்பார்கள். பேரன் கலப்பு என்று துணிந்து சொல்கிறான். ஆகவே இரு பெரிய சமூகங்களின் சரிவில் ஒரு பகுதி, ஆட்கள் மறைந்ததால் வந்ததன்று. ஒரே குடும்பத்துக்குள் பெட்டி மாறியிருக்கிறது. 2012இல் ஐந்தில் ஒருவர் கலப்பு. என்னைக் கேட்டால் அந்த நாட்டுக்கு நடந்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

போர்த்துக்கீசியரும் சீனரும் 2012 கணக்கில் தனித்தனியே இரண்டாயிரத்துக்கும் கீழே. 1835 முதல் மடெய்ரா தீவிலிருந்து வந்து கடைத்தெருவையே பிடித்து வைத்திருந்த சமூகம், 2012இல் 1,910 பேர்.

---

ஆழ்கடல்

வணக்கம். கடலடி எண்ணெய்த் திட்டம் ஒன்றுக்காக ஜார்ஜ்டவுனில் தங்கியிருக்கிறேன். இழை முழுவதும் படித்தேன். சதுர கிலோமீட்டருக்கு மூன்றரைப் பேர் என்ற எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அது உண்மை. ஆனால் இங்கே வாழ்பவர் எவரும் அதை உணர்வதில்லை.

பத்தில் ஒன்பது பேர் கடற்கரையை ஒட்டிய ஒரு நாடா போன்ற நிலத்தில் நெருங்கி வாழ்கிறார்கள். நாட்டின் பரப்பில் அது இருபதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம். ஜார்ஜ்டவுன் இருக்கும் நான்காம் வட்டாரத்தில் மட்டும் 2012 கணக்குப்படி 3,11,563 பேர், ஐந்தில் இருவருக்கு மேல். காலையில் கிழக்குக் கரைச் சாலையில் மினிபஸ்கள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இது மக்கள் இல்லாத நாடு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த நிலத்தில் பெரும்பகுதி ஏற்றநீர் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. ஏற்றநீர் வரும்போது கடற்சுவருக்கு அந்தப் பக்கம் நீர்மட்டம் நீங்கள் நிற்கும் தரைக்கு மேலே இருக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கால்வாய், கால்வாய் கடலில் சேரும் இடத்தில் ஒரு மதகு, மதகுக்கு ஓர் ஆள். இறக்கநீர் வரும்போது சக்கரத்தைச் சுற்றி, மரக்கதவைச் சங்கிலியில் தூக்கி, ஊர்த் தண்ணீரை வெளியே விடுவார். கடல் ஏறத் தொடங்கியதும் கதவை இறக்கிவிடுவார். நடு இரவில் இறக்கநீர் என்றால் நடு இரவில். அந்த ஆள் தூங்கிவிட்டால் ஊருக்குள் உப்புத்தண்ணீர். 2005 ஜனவரி வெள்ளத்தில் நாட்டு மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். காரணம், எல்லோரும் இந்த ஒரே தட்டில் இருக்கிறார்கள்.

வீடுகளைப் பற்றி ஒன்று. பெர்பீஸ் பக்கம் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். தூண்கள்மேல் தூக்கிக் கட்டிய மர வீடு, கீழே ஊஞ்சல் படுக்கை கட்டிய நிழல்தரை. வரிசையில் சில வீடுகளுக்குப் புதிதாக வண்ணம் அடித்திருக்கும், ஜன்னல்கள் மட்டும் எப்போதும் சாத்தியே இருக்கும். சாவி பக்கத்து வீட்டில். உரிமையாளர் நியூயார்க்கில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன் அவர் அனுப்பும் நீலப் பீப்பாய் வரும். அரிசி, சோப்பு, காலணி, பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை எல்லாம் அதற்குள். கணக்கெடுப்பு ஊழியர் அந்த வீட்டு வாசலில் நின்று என்ன எழுதுவார்?

---

இளங்கோ ம.

ஒரே கரையில் எல்லோரும் இருந்தும் ஊர்கள் மட்டும் ஏன் இந்திய ஊர், ஆப்பிரிக்க ஊர் என்று மாறி மாறி வருகின்றன? கலவரத்தால் மட்டுமா?

---

பழைய ஏடு

கலவரம் கடைசியாக வந்தது, தம்பி. நிலம்தான் முதல் காரணம்.

டச்சுக்காரர்கள் காலத்திலிருந்து அந்தச் சேற்று நிலத்தைத் தோண்டி, கரைகட்டி, கால்வாய் வெட்டியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். பத்துக் கோடி டன் மண்ணைக் கையால் புரட்டியிருக்கிறார்கள் என்று 1940களின் இறுதியில் சர்க்கரைத் தொழிலை ஆராய வந்த வென் ஆணையம் கணக்கிட்டது. 1838இல் விடுதலை கிடைத்ததும் அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடுத்த ஆண்டே 83 பேர் சேர்ந்து, சேமித்து வைத்திருந்த காசைத் திரட்டி, கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தை விலைக்கு வாங்கினார்கள். அதுதான் விக்டோரியா கிராமம். அதைத் தொடர்ந்து பக்ஸ்டன் போன்ற ஊர்கள். தங்களைக் கட்டிப்போட்டிருந்த நிலத்தையே காசு கொடுத்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். கயானாவின் வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கும் பக்கம் இதுதான்.

முதலாளிகளுக்கு ஆள் வேண்டியிருந்தது, கூலி கொடுக்க மனமில்லை. 1838 மே 5இல் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரு கப்பல்கள் இந்தியர்களைக் கொண்டுவந்து இறக்கின. 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேர். அவர்கள் தோட்டத்து லயங்களிலும் பிறகு தோட்டத்தை ஒட்டிய குடியிருப்புகளிலும் நெல்வயல் ஓரங்களிலும் தங்கினார்கள். விடுதலை பெற்றவர்கள் வாங்கிய ஊர் ஒன்று, தோட்டத்து ஊர் ஒன்று, மறுபடி வாங்கிய ஊர் ஒன்று. இப்படித்தான் அந்தச் சாலை அமைந்தது. ஒரு தரப்பு கூலியை உயர்த்திக் கேட்ட நேரத்தில் மறுதரப்பு ஒப்பந்தத்தில் இறக்கப்பட்டது. பகை அங்கே விதைக்கப்பட்டது. விதைத்தவர்கள் இருவருமே இல்லை.

---

வரைபடப்பித்தன்

2,39,000 பேரில் நம்மவர்கள் எத்தனை பேர்? கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு வீராசாமி பெருமாள் என்ற பெயர் தெரிந்திருக்கும். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து.

---

பழைய ஏடு

பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன போஜ்புரி, அவதி பேசும் மக்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போனவர்கள் பதினைந்தாயிரம் பேர் அளவில். 1845இல் தொடங்கி 1860களின் தொடக்கத்தோடு பெரும்பாலும் முடிந்துவிட்டது. தமிழரும் தெலுங்கரும் கலந்த கூட்டம். கணக்கெடுப்பில் இவர்களுக்குத் தனி வரிசை கிடையாது. ஆகவே இன்று எத்தனை பேர் என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

---

ஆழ்கடல்

அல்பியன் பக்கம் ஒரு காளி கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் வேலை செய்பவர் அழைத்துப் போனார். மாரியம்மன், மதுரை வீரன், சங்கிலிக் கறுப்பன் எல்லாம் இருக்கிறார்கள். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், தப்பு. தப்பை நெருப்பில் காட்டிச் சூடேற்றி அடிக்கிறார்கள். பாட்டில் தமிழ்ச் சொற்கள் வந்துகொண்டே இருந்தன. பாடியவருக்குத் தமிழ் பேசத் தெரியாது. அன்றாடம் பேசுவது எல்லோரும் பேசும் கிரியோல் என்ற ஆங்கிலக் கலப்பு மொழிதான். குறி கேட்க வரிசையில் நின்றவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களும் இருந்தார்கள். யாரும் அதை வியப்பாகப் பார்க்கவில்லை. முன்னே நின்ற ஒரு அம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, காய்ச்சல் விடவில்லை என்று பூசாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன விகிதம், வாக்கு வங்கி என்று தொலைவிலிருந்து படிப்பவர்கள் இந்த வரிசையையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

---

செல்வநாயகி

சமயக் கணக்கிலும் இந்த நகர்வு தெரிகிறது. 2002இல் இந்துக்கள் 28.4 விழுக்காடு, 2012இல் 24.8. பெந்தகொஸ்தே சபைகள் மட்டும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டன.

யாரும் பூர்வகுடிகளைப் பற்றி இன்னும் பேசவில்லையே? வரைபடப்பித்தன் கொடுத்த எண்ணில் ஏறக்குறைய இரட்டிப்பானவர்கள் அவர்கள் மட்டுந்தான்.

---

பழைய ஏடு

உண்மை. எல்லோரும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உள்நாடு வளர்ந்திருக்கிறது. லோகோனோ, கலினா, வராவ், அகவாயோ, அரெகுனா, பட்டமோனா, மகுஷி, வாபிஷானா, வாய்வாய் என ஒன்பது மக்கள். பிரேசில் எல்லையில் உள்ள ருபுனுனிப் புல்வெளி, அதாவது ஒன்பதாம் வட்டாரம், 2002இல் 19,387 பேர், 2012இல் 24,238. பெர்பீஸ் சரிந்த அதே பத்து ஆண்டுகளில் அங்கே நாலில் ஒரு பங்கு ஏற்றம். அவர்களுக்கு டொராண்டோவில் அத்தை இல்லை, நியூயார்க்கில் சித்தப்பா இல்லை. பிறப்பு விகிதமும் அதிகம். வேலை தேடிப் போகிறவர்கள் லெத்தம் பாலம் தாண்டி பிரேசிலுக்குப் போகிறார்கள், அல்லது தங்கச் சுரங்கத்துக்கு.

இந்தப் பத்து விழுக்காடு இப்போது அரசியலில் கனமானது. இரண்டு பெரிய சமூகங்களில் எதற்கும் பாதி இல்லாத நாட்டில் ஆட்சியைத் தீர்மானிப்பவர்கள் பூர்வகுடிகளும் கலப்பினத்தவரும்தான். 2015இல் ஒரே ஓர் இட வித்தியாசத்தில் ஆட்சி மாறியது. 2020 மார்ச்சில் வாக்களித்துவிட்டு ஆகஸ்ட் வரை முடிவுக்காகக் காத்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் அதே ஆண்டு தொடங்கிய ஒரு புதுக் கட்சி 16 இடங்களுடன் இரண்டாவதாக வந்து, பர்னம் தொடங்கிய கட்சியின் கூட்டணியை 12க்குத் தள்ளியது. பழைய இனக் கணக்கு இனிச் செல்லாது என்று இதை வைத்தே சொல்வேன்.

---

இளங்கோ ம.

அது அவசர முடிவு ஐயா. ஆளும் கட்சி 36 இடங்களோடு முன்பைவிடப் பலமாகத் திரும்பியிருக்கிறதே. எதிர்க்கட்சி வாக்கு உடைந்ததை இனக் கணக்கு உடைந்தது என்று கொள்ள முடியாது. இன்னும் இரண்டு தேர்தல்கள் போகட்டும்.

எனக்கு வேறு சந்தேகம். 2019 டிசம்பரில் எண்ணெய் வரத் தொடங்கிவிட்டது. 2022இல் மட்டும் பொருளாதாரம் 60 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. இனி ஆள் திரும்ப வருவார்களா?

---

ஆழ்கடல்

வருகிறார்கள். ஆனால் போனவர்கள் அதிகம் வரவில்லை, வேறு ஆட்கள் வருகிறார்கள்.

வெனிசுவேலாவிலிருந்து இருபதாயிரத்துக்கு மேல் என்பது அமைப்புகளின் கணிப்பு. ஜார்ஜ்டவுனில் கடைகளிலும் கட்டுமானத்திலும் ஸ்பானிஷ் கேட்காத நாள் இல்லை. இதில் நெஞ்சைத் தொடும் விஷயம், அவர்களில் ஒரு பகுதியினர் கயானாக்காரர்களின் பிள்ளைகள். இளங்கோ சொன்ன அந்தக் கெட்ட காலத்தில் வேலை தேடி வெனிசுவேலாவுக்குப் போனவர்களின் பிள்ளைகள், இப்போது அங்கே பிழைக்க வழியில்லாமல் தாத்தா ஊருக்குத் திரும்புகிறார்கள். ஓரினோகோ முகத்துவாரத்திலிருந்து வரும் வராவ் மக்களுக்கோ எல்லையின் இரு பக்கமும் உறவு உண்டு. கயானாவின் மேற்குப் பகுதியான எசகீபோ முழுவதும் தனக்கே என்று வெனிசுவேலா 2023 டிசம்பரில் வாக்கெடுப்பு நடத்திய பிறகு, இப்படி வருபவர்களைப் பார்க்கும் பார்வையில் கொஞ்சம் கலக்கம் வந்திருக்கிறது. பாவம், அவர்கள் கோழிக்கறியும் மாவுப்பண்டமும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

கியூபா, பிரேசில், சீனா, இந்தியா என்று பிற நாட்டவரும் இருக்கிறார்கள். வெளிநாடு போன கயானாக்காரர்களில் திரும்புபவர்கள் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள். திரும்பி வருவோருக்கு வீட்டுப் பொருள், கார் ஆகியவற்றுக்கு இறக்குமதி வரிச் சலுகை உண்டு. முப்பது வயதுக்காரர் வந்தால் ஒப்பந்தம் முடியும் வரை இருக்கிறார். பிள்ளைகளை அழைத்துவருவதில்லை. வாடகை வேறு நகரத்தில் ஏறிக்கிடக்கிறது.

---

வரைபடப்பித்தன்

அப்படியானால் 2022 செப்டம்பரில் தொடங்கிய கணக்கெடுப்புதான் முக்கியம். அதன் விரிவான முடிவுகளை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்துவிட்டார்கள். வட்டாரம், இனம், பிறந்த நாடு என்று பிரித்து வைத்துப் பார்த்தால்தான் இந்த இழையின் பாதிக் கேள்விகள் தீரும்.

---

பழைய ஏடு

அதுவரை வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். 2012 கணக்குப்படி குழந்தை முதல் கிழவர் வரை 7.47 லட்சம் பேர் உள்ள நாட்டில், 2020 தேர்தல் பட்டியலில் 6,60,998 பெயர்கள். 2025இல் ஏழரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் எங்கே போனார்கள்? மோசடி என்று உடனே குதிக்க வேண்டாம். குடிபெயர்ந்தவர்களின் பெயர்கள் நீக்கப்படவில்லை என்பதே பெரிய காரணம். ஒருமுறை முறையாகப் பதிவானவரை நாட்டில் குடியிருக்கவில்லை என்ற காரணத்துக்காக நீக்குவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2019 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தபால் வாக்கு கிடையாது. வாக்களிக்க வேண்டுமானால் விமானம் ஏறி வர வேண்டும்.

---

இளங்கோ ம.

இது எப்படி நியாயம்? வரி கட்டுவதில்லை, வெள்ளத்தில் நிற்பதில்லை. ஆட்சியைத் தீர்மானிக்க மட்டும் அவர்களா? பட்டியலைச் சுத்தம் செய்யாமல் அங்கே எந்தத் தேர்தலையும் தோற்றவர் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

---

செல்வநாயகி

தம்பி, எண்ணெய்க்கு முன் அந்த நாட்டின் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெளியே இருந்தவர்கள் அனுப்பிய பணம். எத்தனையோ வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தப் பணத்தில்தான். வரி கட்டவில்லை என்று எடுத்தெறிந்து பேசாதீர்கள். இறந்தவர்களின் பெயரை நீக்கட்டும், இரட்டைப் பதிவை நீக்கட்டும், விரல்ரேகை வைத்து அடையாளம் பார்க்கட்டும். போனவர் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரின் பெயரை அடிப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. என்னோடு வேலை செய்யும் அந்த அம்மா சென்ற தேர்தலுக்கு விடுப்பெடுத்து, டிக்கெட் வாங்கிப் போய் வந்தார். யாருக்குப் போட்டார் என்று நான் கேட்கவில்லை.

---

ஆழ்கடல்

இங்கே தேநீர்க்கடையிலும் இதே சண்டைதான் நடக்கிறது, இதே இரண்டு பக்கமும். விரல்ரேகை முறை வேண்டும் என்பதில் மட்டும் நான் கேட்டவரையில் இரு தரப்பு ஆட்களும் ஒத்துப்போகிறார்கள். கணக்கெடுப்பின் வட்டாரவாரி அட்டவணை கைக்குக் கிடைத்ததும் ஆறாம் வட்டாரத்தையும் ஒன்பதாம் வட்டாரத்தையும் முதலில் இங்கே பதிவிடுகிறேன்.